சீட்டில் எழுதாத இரண்டு வாரம்

‘எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டு வாரம் கழித்து வரவும்.’ மனநலப் பிரிவுக்குப் போய்வரும் பலருடைய ஓ.பி. சீட்டில் இருப்பது இவ்வளவுதான். எஸ்சிட்டலோப்ராமுக்குப் பதிலாகச் செர்ட்ராலின் இருக்கலாம், ஃப்ளூவாக்ஸெட்டின் இருக்கலாம். எல்லாம் ஒரே குடும்பம், எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலான நாடுகளில் முதலில் எழுதப்படுபவை இவைதாம்.

சீட்டை எழுதியதும் மருத்துவரின் வேலை அடுத்த வருகைவரை ஓய்கிறது. மாத்திரையின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் வாரம் குமட்டுகிறது, வயிறு இளகுகிறது, தலை வலிக்கிறது, தூக்கம் கலைகிறது. சிலருக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும் ஒரு நிலைகொள்ளாமை. எதற்காக விழுங்கினாரோ அந்தப் பலனை மட்டும் காணோம். அது தலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தொல்லை முந்திக்கொள்கிறது, பலன் பிந்துகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த இடைவெளியில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். இந்த மருந்து பலிப்பதும் பலிக்காததும், சமயத்தில் உயிர் தப்புவதும்கூட, அவர் எதைக் கேட்கிறார், எதைக் கவனிக்கிறார் என்பதில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஏன் இந்தத் தாமதம்? செரட்டோனின் என்ற வேதிப்பொருளை 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் என்றுதான் அது முதலில் அறிமுகமானது. மூளையிலும் அது இருப்பதை 1953-இல் பெட்டி ட்வாராக் காட்டினார். நரம்பணு ஒன்று வெளியிடும் செரட்டோனினை, வேலை முடிந்ததும் அதே அணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சலை மாத்திரை தடுக்கிறது. சில மணி நேரத்தில் இது நடந்தேவிடுகிறது. ஆனால் வெளியே செரட்டோனின் கூடிவிட்டதை அணுக்கள் உணர்ந்து, தாங்கள் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த உணர்விகள் மெல்ல மந்தமாகி, சுரப்பு பழையபடி திரும்ப இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பது நெடுநாளைய விளக்கம்.

இன்னொரு விளக்கம் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கேத்தரின் ஹார்மரின் குழுவுடையது. மனச்சோர்வில் இருப்பவர் எதிரிலிருப்பவர் முகத்தில் கோபத்தையும் வெறுப்பையும் சட்டென்று பார்க்கிறார், சிரிப்பைத் தவறவிடுகிறார். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே இந்தச் சாய்வு மாறத் தொடங்குகிறது. அது அவருக்கே தெரிவதில்லை. சிரிப்பு சிரிப்பாகத் தெரியத் தொடங்கி, அப்படிப்பட்ட அனுபவங்கள் நாள்தோறும் சேர்ந்து சேர்ந்துதான் மனம் மேலேறுகிறது. இதை ஏற்றுக்கொண்டால் ஒன்று புரியும். பார்க்க வேண்டிய சிரிப்பு வார்டில் இருந்தாக வேண்டும். ‘இன்னிக்கு எப்படிம்மா இருக்கீங்க, ராத்திரி தூங்கினீங்களா’ என்று கட்டிலருகே நின்று கேட்பதை மருந்தோடு சேராத உபசாரம் என்று ஒதுக்க முடியாது.

‘மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, இந்த மாத்திரை அதை நிரப்பும்’ என்று நோயாளியிடம் சொல்வது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. சொல்ல எளிது, கேட்கவும் ஆறுதல். ஆனால் மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவின் தொகுப்பாய்வு சொன்னது. உடனே ‘அப்படியானால் மாத்திரையே பொய்’ என்று பேச்சுக் கிளம்பியது. அது தவறான முடிவு. காரணம் புரியாமலே பலன் தரும் மருந்துகள் மருத்துவத்தில் ஏராளம். 2018-இல் சிப்ரியானி குழு 522 சோதனைகளை, 1,16,477 பேரின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தபோது, ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தந்தன. அந்தக் கூடுதல் பிரமாதமானது அல்ல, மிதமானது. 2006-இல் வெளிவந்த அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் முற்றிலும் தணிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அளவை மாற்ற வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும், பேச்சுச் சிகிச்சை சேர்க்க வேண்டும். முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் தனக்கு விமோசனமே இல்லை என்று நோயாளி முடிவுகட்டிவிடுவார். அந்த நோயின் குணமே அது. ‘இது கேட்கலேன்னா இன்னொண்ணு இருக்கு’ என்று முதல் நாளே ஒருவர் சொல்லிவைக்க வேண்டும்.

இந்த மருந்துகளின் கதையே செவிலியர்கள் நிறைந்த ஒரு காசநோய் மருத்துவமனையில் தொடங்குகிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ மருத்துவமனை. காசநோய்க்குப் பயந்து வெள்ளையினச் செவிலியர்கள் வேலையை விட்டுப் போனபோது, அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினப் பெண்கள் அங்கே வந்து அந்த வார்டுகளைத் தாங்கினார்கள். 1952-இல் அங்கே ராபிட்செக், செலிகாஃப் என்ற மருத்துவர்கள் ஐசோனியாஸிட், இப்ரோனியாஸிட் என்ற புது மருந்துகளைச் சோதித்தார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் எழுந்தார்கள், சாப்பாடு கேட்டார்கள்; வார்டில் குதூகலம் என்று பத்திரிகைகளில் படங்கள் வந்தன. இப்ரோனியாஸிட் கொடுத்தவர்களிடம் அந்த உற்சாகம் நுரையீரல் தேறியதற்கும் மேலே இருந்தது. 1957-இல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார். கல்லீரலைக் கெடுத்ததால் அந்த மருந்து பிறகு சந்தையைவிட்டுப் போயிற்று. மூளையில் செரட்டோனினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகளின் வரிசைக்கு அதுதான் முன்னோடி. முதல் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளில் உலகப் புகழ் பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் அமெரிக்க அனுமதி பெற்றது 1987-இன் கடைசியில்.

காசநோய் வார்டுக்கும் இந்த மாத்திரைக்கும் உறவு இன்னும் முடியவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இந்தியாவில் இப்போது தரப்படும் கூட்டு மருந்துகளில் ஒன்று லினிசோலிட். அதுவும் லேசாக மோனோஅமைன் ஆக்ஸிடேஸைத் தடுக்கக்கூடியது. ஏற்கெனவே செர்ட்ராலின் சாப்பிடும் ஒருவருக்கு அது சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிப் போகலாம். வலிக்குப் போடும் டிராமடால், இருமல் டானிக்கில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்பான் ஆகியவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. செரட்டோனின் மிகையின் அறிகுறிகள்: கை நடுக்கம், வியர்வை, பதற்றம், பேதி, காய்ச்சல், விரிந்த கண்மணி. பெரும்பாலும் மருந்து சேர்ந்த ஒரு நாளுக்குள் தொடங்கிவிடும். தொற்றுக் காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டுக் காத்திருந்தால் நேரம் வீணாகும்.

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு இரத்தப் பரிசோதனை கிடையாது. கண்ணும் கையும்தான் கருவி. ஆஸ்திரேலியாவில் நச்சியல் மருத்துவர்கள் வகுத்து 2003-இல் வெளியிட்ட ஹண்டர் விதிகளில் தலையாய அடையாளம் தசைத் துடிப்பு. நோயாளியின் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கி மடக்கினால், பாதம் தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் தனியாக இருக்கும் செவிலியரும் பார்க்கக்கூடிய சோதனை இது.

பார்த்தால் மட்டும் போதாது, சொன்னால் மேலே இருப்பவர்கள் கேட்கவும் வேண்டும். 1984-இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் பதற்றத்தோடும் மருத்துவமனையில் சேர்ந்தாள். அவள் ஃபெனெல்சின் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மோனோஅமைன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் மருந்துதான் அதுவும். உடல் உதறுவதை நிறுத்தப் பெதிடின் ஊசி போட்டார்கள். இரண்டும் சேரக் கூடாதவை. பதற்றம் கூடியது, செவிலியர்கள் பணிமருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். பல நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த அவர் நேரில் வரவில்லை. கட்டிப்போடும்படி உத்தரவு வந்தது. விடிவதற்குள் காய்ச்சல் ஏறி அவள் இறந்துபோனாள். செரட்டோனின் மிகையே காரணம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். பத்திரிகையாளரான அவள் தந்தை விடாமல் போராடியதால், பயிற்சி மருத்துவர்களை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது. மருத்துவரின் களைப்பைப் பற்றிய கதையாகவே இதைச் சொல்லிவருகிறார்கள். என்னைக் கேட்டால், செவிலியரின் சொல்லுக்கு எடை தராத ஏற்பாட்டைப் பற்றிய கதையும்கூட.

நம் ஊரில் இந்த ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது: வெட்கம். எலும்பு முறிந்தோ பித்தப்பைக் கல்லுக்கோ ஒருவர் அறுவைச் சிகிச்சை வார்டில் சேர்கிறார். ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?’ என்று செவிலியர் கேட்கிறார். பக்கத்தில் மருமகள், நாத்தனார், ஊர்க்காரர் ஒருவர். ‘பி.பி.க்கும் சுகருக்கும் மட்டுந்தான் சிஸ்டர்.’ மனநல மாத்திரை கைப்பைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. இப்போது இரண்டு தவறுகள் ஒன்றாக நடக்கின்றன. வலிக்கு டிராமடால் எழுதினால் தடுக்க யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், தினமும் சாப்பிட்ட மாத்திரை திடீரென்று நின்றுபோகிறது. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு. மயக்க மருந்தின் விளைவு என்று வார்டு அதைக் கடந்துபோகும்.

அனுபவமுள்ள செவிலியர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அட்டெண்டரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, ‘தூக்கத்துக்கு, நரம்புக்கு, படபடப்புக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா? இருந்தா சொல்லுங்க, யாருக்கும் தெரியாது, ஊசி போடுறதுக்கு எனக்குத் தெரியணும்’ என்று தனியாகக் கேட்பார்கள். மனநல மாத்திரை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் தூக்க மாத்திரை என்றுதானே பெயர்! அந்தப் பெயரிலேயே கேட்டால்தான் பதில் வரும்.

வயதானவர்களிடம் கவனிக்க வேண்டியது சோடியம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. சிலருக்கு உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது. இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும்; இந்த மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் அது சரியலாம். 65 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒல்லியானவர்கள், அவர்களிலும் பி.பி.க்குக் குளோர்தாலிடோன் அல்லது ஹைட்ரோகுளோரோதையசைட் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். பாட்டி சோர்ந்து படுக்கிறார், பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, ஒருநாள் குளியலறையில் விழுகிறார். மனச்சோர்வு முற்றிவிட்டது என்றோ வயசாகிவிட்டது என்றோ வீட்டார் முடிவு செய்கிறார்கள். சோடியத்தைப் பார்த்தால் 120-க்குப் பக்கத்தில் இருக்கும். ‘மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?’ என்ற ஒரு கேள்வி போதும், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்க.

இரத்தத் தட்டணுக்களும் செரட்டோனினை உள்ளே சேர்த்துவைத்துத்தான் உறைதலுக்கு உதவுகின்றன. மாத்திரை அதையும் தடுப்பதால், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரின் ஆகியவற்றோடு சேரும்போது வயிற்றுக்குள் இரத்தம் கசியக்கூடும். மலம் கறுத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் தூக்கமே தேவைப்படாமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவு செய்கிறார் என்றால், அது குணமானதன் அடையாளம் அல்ல. இருதுருவ நோய் வெளிப்பட்டிருக்கலாம். மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

பாலுறவில் ஆர்வம் குறைவதும், உச்சம் தாமதமாவதும் இந்த மருந்துகளின் சாதாரணப் பக்கவிளைவுகள். நம் சீட்டுகளில் இது எழுதப்படுவதில்லை, ஓ.பி.யில் பேசப்படுவதும் இல்லை. புதிதாக மணமான இளைஞர் காரணம் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார். குடும்பம் அவரைப் பொறுப்பற்றவன் என்று திட்டும். ‘சிலருக்கு இப்படி ஆகும், ஆனா சொல்லுங்க, மாத்திக் கொடுப்பாங்க’ என்று ஆண் செவிலியர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளின் உறையில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. 24 சோதனைகளில் பங்கேற்ற சிறுவர்களிலும் பதின்வயதினரிலும், மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ 100-க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அந்தச் சோதனைகளில் தற்கொலையால் யாரும் இறக்கவில்லை. 2007-இல் எச்சரிக்கை 24 வயதுவரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் இந்தக் கூடுதல் இல்லை. 65-ஐத் தாண்டியவர்களிடம் ஆபத்து குறையவே செய்தது. எச்சரிக்கையின் பொருள், இளைஞர்களுக்கு மாத்திரை கொடுக்காதே என்பதல்ல. கொடுத்த முதல் வாரங்களில் கண்ணை எடுக்காதே என்பதுதான். மனம் தேறுவதற்கு முன்னால் உடலில் சுறுசுறுப்பு திரும்பிவிடும், அப்போது கவனம் வேண்டும் என்று செவிலியர் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தருகிறார்கள். அதற்கான ஆய்வுச் சான்று அவ்வளவு வலுவானது அல்ல. இருந்தாலும் கவனத்தால் கெடுதல் எதுவும் இல்லை.

கவனம் என்றால் என்ன? நேராகக் கேட்பது. ‘வாழ வேண்டாம்னு தோணுதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று படித்தவர்களும் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டதே ஆறுதல் என்று சொன்னவர்கள் உண்டு. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இதுதான். முந்தைய முயற்சியைக் குடும்பங்கள் மறைப்பதற்குப் போலீஸ் பயமும் ஒரு காரணம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைச் சொன்னால் பலர் வாய்திறப்பார்கள். ‘ஆமாம், தோணுது’ என்று பதில் வந்தால், அதற்குப் பிறகு அவரைத் தனியாக விடுவதில்லை, மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும், வீட்டில் மாத்திரை அட்டை வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

1952-இல் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் வெளியிட்ட நூல், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சை என்று வாதிட்டது. ஸீ வியூ சோதனைகள் நடந்த அதே ஆண்டு. மருந்தும் உறவும் எதிர்க்கட்சிகளைப்போலப் பேசப்பட்டுவந்தன. ஒன்றில்லாமல் மற்றது முடம் என்பதே இத்தனை ஆண்டு அனுபவம்.

பலன் தெரிந்தபின் அடுத்த சிக்கல். ‘நல்லாயிட்டேன், இனி எதுக்கு?’ தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நெடுங்காலம். பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வொன்றில், நலமாக இருந்து, நிறுத்தலாம் என்ற நிலையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், மெல்ல நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் கணிசம் என்பதையும் அதே எண் சொல்கிறது. ஆகவே ‘ஆயுளுக்கும் சாப்பிடணும்’ என்று மிரட்டுவதும் சரியல்ல, ‘பழக்கமாயிடும், விட்டுடு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் சரியல்ல.

நிறுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமான குறைந்தபட்ச அளவே, செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறங்கினால் மூளையில் பெரிய மாற்றமில்லை. 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய தாவல். கீழே வரவர உயரம் கூடிக்கொண்டே போகும் மாடிப்படி என்று சொல்லலாம். அதனால் கடைசிக் கட்டத்தில்தான் இன்னும் சின்னச் சின்ன அளவாக, வாரக்கணக்கில் இறங்க வேண்டும். உடலில் சீக்கிரம் தீர்ந்துபோகும் பராக்ஸெட்டினை விடுவது கடினம். நெடுநாள் தங்கும் ஃப்ளூவாக்ஸெட்டினை விடுவது எளிது. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்தும் பெண்கள் நிறைய. அதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. பால் கொடுப்பதற்காக மாத்திரையை விட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையின் எடையைக் கேட்கும் வாயால் தாயின் தூக்கத்தையும் கேட்டுவிட வேண்டும்.

இந்த மாத்திரையை நீங்களோ வீட்டில் ஒருவரோ சாப்பிட்டால், எந்த மருத்துவமனைக்கு எதற்காகப் போனாலும் செவிலியரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பல்லுக்குப் போனாலும் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மறுவருகைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்; மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.